பத்து 'பி'க்கு நான் கட்டிய வெப்சைட்

எனக்குப் பொறாமை வந்தால்தான் வேலை நடக்கும். அடுத்த வீட்டுப் பெண் பி.எட். சேர்ந்தாள், நானும் சேர்ந்தேன். நாத்தனார் ஸ்கூட்டர் ஓட்டினாள், ராயபுரம் மேம்பாலத்தில் இரண்டு முறை விழுந்து எழுந்து நானும் ஓட்டினேன். என் வகுப்புக்கு வெப்சைட் கட்டிய கதையும் அதேதான். பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவின் அறிவியல் டீச்சர் கட்டிவிட்டாள். 'பி' பிரிவு மட்டும் என்ன கேவலமா? டிஜிட்டல் கல்வி, மாணவர் நலன் என்றெல்லாம் பிற்பாடு ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன். அதெல்லாம் சும்மா.

திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எடுக்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற ரோடு எங்கள் ரோடு. வண்டி சில நாள் காலையில் நின்ற இடத்திலேயே சாயந்திரமும் நிற்கும். டிரைவர்கள் கீழே இறங்கி லுங்கி துவைத்துக் காயப்போடுவதை ஸ்டாஃப் ரூம் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள். அந்த வண்டிகளுக்கு நடுவில் புகுந்துதான் பள்ளிக்கு வருவார்கள்.

ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்குத் தாங்களே வெப்சைட் கட்டுவது எப்படி என்று அரையாண்டு லீவுக்கு முன்னால் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். முதல் நாள் முழுக்கப் பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் வராமலே போயிற்று. நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன். இத்தனை வருஷ சர்வீஸில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான். லீவு முடிந்து பள்ளி திறந்த அன்றைக்கு அறிவியல் டீச்சர் தன் போனை ஸ்டாஃப் ரூமில் சுற்றுக்கு விட்டாள். முகப்பில் அவள் பட்டுப்புடவை போட்டோ, பக்கத்தில் லப்டப் என்று துடிக்கிற இதயப் படம். ரொம்ப நல்லா இருக்கே என்று சிரித்தேன். வயிறு பற்றி எரிந்தது.

அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் சமையல் கிடையாது. வீடியோ பார்த்துப் பார்த்து, எழுதி வைத்து, அழித்து, திரும்ப எழுதி ஒருவழியாகக் கட்டிவிட்டேன். ஊதா நிறத்தில் பின்னணி, மஞ்சளில் எழுத்து, மேலேயிருந்து ரோஜாப்பூ விழுந்துகொண்டே இருக்கும். பட்டுப்புடவை எனக்கும்தான் இருக்கிறது, அந்தப் போட்டோவும் போட்டேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பூப்பு நன்னீராட்டு பேனர் மாதிரி இருக்கிறது, தாய்மாமன் பெயரை மட்டும் விட்டுவிட்டாயே என்றார். அன்றைக்கு அவருக்கு ஹோட்டல் இட்லிகூட வாங்கிக் கொடுக்கவில்லை.

கீழே ஒரு கவுண்ட்டர் வைத்தேன். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று எண் காட்டும். ஒரு மாசம் கழித்து அது நாற்பத்தி மூன்று காட்டியது. அதில் நாற்பது நான். ஒன்று வீட்டுக்காரர். ஒன்று அறிவியல் டீச்சராகத்தான் இருக்க வேண்டும். மீதி ஒருவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை, வழி தவறி வந்திருப்பார், பாவம்.

பிள்ளைகளைப் பார்க்க வைப்பதற்கு என்னென்னவோ செய்து பார்த்தேன். மொட்டை மாடியில் போர்டு வைத்து, கலங்கரை விளக்கத்து உச்சியிலிருந்து கப்பலைப் பார்க்கிற இறக்கக் கோணக் கணக்கை வீடியோ எடுத்துப் போட்டேன். கடல் காற்றில் என் முந்தானை போர்டை மூடிக்கொண்டது. டேன் தீட்டா என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு டிரெய்லர்காரன் ஹாரன் அடித்தான். இப்போது போட்டுப் பார்த்தால் எனக்கே புரியவில்லை. அப்போது ஆஹா ஓஹோ என்று இருந்தது.

அதே கணக்கை வகுப்பில் நடத்தும்போது, யாராவது கப்பலைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். குப்பத்துப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியா அது? கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி எழுந்து, மூணாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டி, அவங்கப்பாவே கப்பல்லதான் மிஸ் கீறாரு, பாரின் கப்பல் என்றாள். ஜன்னலோரப் பெண், ஆமா மிஸ், போன வாரம் கொழும்புல இருந்தாங்க என்றாள். இன்னொருத்தி, வரும்போது சென்ட் வாங்கியாரச் சொல்லுடீ என்றாள். இப்போது ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. எவ்வளவு வெள்ளந்திப் பிள்ளைகள், சொன்னதை அப்படியே நம்புகிறார்களே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

ஏனென்றால் எனக்கு உண்மை தெரியும். ஆகஸ்ட் மாசம் உதவித்தொகை பாரத்தில் அப்பா கையெழுத்து வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தேன். அவள் அம்மாதான் வந்தார். மீன் விற்கிறவர், விற்று முடித்த அலுமினிய அன்னக்கூடையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். பெண் நாலாங்கிளாஸ் படிக்கும்போதே புருஷன் போய்விட்டாராம். மணலி புதுநகரில் வேறு குடும்பம். டிரெய்லர் ஓட்டுகிறார். பொண்ணு கப்பல்ல கீறார்னு சொல்லிகினு கீது, நீங்க தெரிஞ்ச மாரி காட்டிக்காதீங்க டீச்சர் என்று கேட்டுக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று சத்தியம் பண்ணினேன். வாயிலிருந்து வரவும் இல்லை. அதுவரை நான் யோக்கியம்.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கில் அவள் கில்லாடி. நான் போர்டில் மூன்றாவது வரி எழுதும்போது அவள் நோட்டில் விடை எழுதி அடிக்கோடு போட்டிருப்பாள். அவளை எப்படியாவது பத்தாவது தாண்டவைத்து, ப்ளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. நடுவில் நின்றுபோனால் எங்கே போவாள் என்றும் தெரியும். அவள் சித்தி வேலை செய்கிற இறால் உரிக்கிற கம்பெனி தயாராகக் காத்திருந்தது.

வெப்சைட்டை யாரும் பார்க்காத கடுப்பில், மாதிரித் தேர்வு மார்க்கை அதில் போடலாம் என்று யோசனை வந்தது. மார்க் என்றால் வந்துதானே ஆக வேண்டும்! மார்க்கைக் கம்ப்யூட்டரில் அட்டவணையாக ஏற்கெனவே வைத்திருந்தேன். அந்த அட்டவணைக்கு இரண்டு ஷீட். முதல் ஷீட்டில் மார்க். இரண்டாவது ஷீட்டுக்கு 'குறிப்பு' என்று பெயர். ஒவ்வொரு மாணவியையும் தனித்தனியாக அறிந்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அறிந்ததையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தேன்.

என்ன பாஷையில் எழுதினேன் என்பதுதான் விஷயம். ஆசிரியர்களுக்கு ஸ்டாஃப் ரூம் பாஷை என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் முன்னால் செந்தமிழ். கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவைத் திறந்துவிட்டால் எந்த வீட்டுக் கதையும் எங்களுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய். நான் அந்தப் பாஷையில்தான் எழுதியிருந்தேன். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்திக்கு, 'நன்றாகத் தலையாட்டும், ஒன்றும் புரியாது.' இன்னொருத்திக்கு, 'அம்மா வந்தால் ஒரு பீரியட் போய்விடும், பாத்ரூமில் ஒளிந்துகொள்ள வேண்டும்.' கடைசி பெஞ்சுக்காரிக்கு, 'தலைமையாசிரியையின் தங்கை மகள், மார்க் போடும்போது உஷார், மக்கு.' ஜன்னலோரப் பெண்ணுக்கு நிறையவே எழுதியிருந்தேன். 'நல்ல மூளை. கணக்குப் பிரிவு எடுக்கவைக்க வேண்டும். அப்பா கப்பலில் என்று புருடா விடுகிறாள். ஆள் மணலி புதுநகரில் வேறு குடும்பத்தோடு, டிரெய்லர் டிரைவர். பாவம், கிளாஸே நம்புகிறது.'

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அந்த அட்டவணையின் இணைப்பை வெப்சைட்டில் ஒட்டினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா என்று அது கேட்டது. தாராளமாக என்று அமுக்கினேன். பெற்றோர் குரூப்பில், மார்க் வந்தாச்சு, அனைவரும் பார்க்கவும் என்று இரண்டு முறை போட்டேன். முதல் ஷீட்டை மட்டும்தான் கொடுத்தோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே 'குறிப்பு' என்று அழகாக ஒரு பொத்தான் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை காலையில் கவுண்ட்டர் நூற்றுப்பத்து. மத்தியானம் முந்நூறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கும்போது பார்க்கிறேன், அறுநூற்றைத் தாண்டிவிட்டது. எங்கள் வகுப்பில் மொத்தமே முப்பத்தெட்டுப் பேர். அப்படியென்றால் ஒவ்வொருத்தியும் திரும்பத் திரும்ப வந்து படிக்கிறாள் என்றுதானே அர்த்தம்? என் இறக்கக் கோண வீடியோ ஊரெல்லாம் பரவிவிட்டது என்று முடிவு செய்தேன். அந்தச் சந்தோஷத்தில் சங்கரா மீனுக்கு பேரம்கூடப் பேசவில்லை, மீன்காரரே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திங்கள்கிழமை ஒரு டப்பா நிறைய சமோசாவோடு போனேன். எதற்கு என்று யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அறிவியல் டீச்சருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதயத்தைத் துடிக்கவிட்டால் மட்டும் போதாது, உள்ளடக்கம் வேண்டும் என்று அறிவுரை வேறு. அவள் சமோசாவைக் கடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். பொறாமை என்று நினைத்தேன். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே விஷயம் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் சமோசா சாப்பிட்டிருக்கிறாள், பாருங்கள்.

அதோடு விட்டேனா? இல்லை. தலைமையாசிரியை அறைக்குப் போய், அவர் போனிலேயே என் வெப்சைட்டைத் திறந்து, மார்க் பக்கத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தது அவருக்கு, பாராட்ட ஆள் கிடைக்காதா என்று ஏங்குகிறவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். விரலால் கீழே தள்ளினார். ஏதோ ஒன்றைத் தொட்டார். பிறகு ரொம்ப நேரம் படித்தார். நான் பாராட்டுக்காகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன்.

"என் தங்கச்சி பொண்ணு மக்குன்னு எனக்குத் தெரியும் டீச்சர். அதை ஏன் ஊருக்கு எழுதிப் போட்டீங்க?" என்றார்.

போனைத் திருப்பிக் காட்டினார். நான் எழுதியதை நானே அவர் மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறேன். கவுண்ட்டரில் அந்த நாற்பத்தி மூன்றே தேவலாம் போல இருந்தது. அழிக்கப் போனால், அவசரத்தில் பாஸ்வேர்டு வரவில்லை. அறிவியல் டீச்சர்தான் வந்து நிதானமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மூடிக்கொடுத்தாள். அவள் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பண்ணவில்லை.

வகுப்புக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஆனால் பிள்ளைகள் என்னை அப்படியொன்றும் வதைக்கவில்லை. தலையாட்டுகிறவள் எழுந்து, அது உண்மைதான் மிஸ், எனக்கு சத்தியமா ஒண்ணும் புரியல என்றாள். மத்தியானம் ஒரு அம்மா வந்து பாத்ரூம் வாசலிலேயே எனக்காகக் காத்திருந்தார், ஒரு முழு பீரியட் நிற்கவைத்துத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். தலைமையாசிரியை விளக்கக் கடிதம் கேட்டார், மூன்று பக்கம் எழுதினேன். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்.

ஜன்னலோரம் காலியாக இருந்தது. செவ்வாய், புதனும் காலி. பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம். ஹால் டிக்கெட் வாங்கவும் அவள் வரவில்லை, அது என் மேஜை டிராயரிலேயே கிடந்தது. நான் ஒரு பெண்ணின் படிப்பை, அதுவும் எந்தப் பெண்ணின் படிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று துடித்தேனோ அவள் படிப்பை, ரோஜாப்பூ விழுகிற பக்கத்தில் ஒரு பொத்தானால் அழித்துவிட்டேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம் யார்மேல் காட்டுவது? வீட்டுக்காரர்மேல் காட்டினேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். அவள் வீடு எர்ணாவூர் பக்கம், சுனாமி குடியிருப்பில் இரண்டாவது மாடி. வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு கிலோ ஆப்பிள் வேறு. வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று. அந்த அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அன்னக்கூடையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒரு படி கீழே நின்றேன்.

என் பேச்சில் முன்னுரைகூட முடியவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவேன் என்று சொன்னேன், ஆனால் தெரியாமல் அது வெளியே வந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். அவர் கையை நிறுத்தினார்.

"இன்னா ரகசியம்? அந்தாளு வண்டி ஒங்க ஸ்கூல் வாசல்லதான் டீச்சர் க்யூல நிக்குது. ஒங்க கிளாஸ் பொண்ணுங்க அல்லாம் அத்தத் தாண்டித்தான் வருதுங்க. நாலாங்கிளாஸ்லேந்து பாத்துகினு கீதுங்க. ஒண்ணாவது வாயத் தொறந்து கேட்டிருக்குமா? இது கப்பல்னா அதுங்களும் கப்பல்னு சொல்லும். குப்பத்துல அல்லாருக்கும் தெரியும். தெரியாத மாரி இருந்தாங்க. இப்ப நீங்க எழுதிப் போட்டுட்டீங்க. இனிமே தெரியாத மாரி எப்டி இருப்பாங்க?"

ஆறு வருஷம். ஒன்றிரண்டு பேர் இல்லை, ஒரு வகுப்பே. டிரெய்லர் கேபினில் அவள் அப்பா பீடி குடித்துக்கொண்டிருப்பார், இவர்கள் பையை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே தாண்டுவார்கள், உள்ளே வந்து கொழும்பு போய்ச் சேர்ந்தாரா என்று கேட்பார்கள். கிளாஸே நம்புகிறது என்று எழுதினேனே, கிளாஸில் நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். நான் மட்டும் உண்மை தெரிந்த ஆள் என்று. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்!

உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வாசல் திரைக்குக் கீழே அவள் கால் தெரிந்தது. நான் திரையைப் பார்த்து, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோம்மா என்றேன். பிள்ளைகளிடம் அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் சொன்னதே கிடையாது, சொல்லும்போது குரலே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பதிலுக்கு டி.வி. சத்தம் கூடியது.

அந்த அம்மா ஹால் டிக்கெட்டை மட்டும் வாங்கி ஜாக்கெட்டில் செருகிக்கொண்டார். ஆப்பிளைத் தொடவில்லை, இங்க யாருக்கும் ஒடம்பு சரியில்லாம இல்ல, எடுத்துகினு போங்க என்றார். நான் நாளைக்கு வகுப்பில் எல்லாரிடமும் பேசுகிறேன், யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், ஒன்றும் பண்ணவும் வேண்டாம், பண்ணினதே போதும் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கூடையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

சும்மா இருப்பது எனக்கு வராது. வெள்ளிக்கிழமை வகுப்பில் மூன்று தரம் வாயைத் திறந்தேன். மூன்று தரமும் போர்டு பக்கம் திரும்பி இருபடிச் சமன்பாடு எழுதினேன். முப்பத்தேழு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்குப் பார்த்தார்கள் என்று இப்போது தெரிகிறது. இந்த அம்மா இன்னும் ஏதாவது சொல்லித் தொலைக்குமோ என்ற பயம்.

திங்கள்கிழமை அவள் வந்தாள். நாலு பேர் நடுவில் வந்தாள். எப்படி வந்தாள் என்று தலையாட்டுகிறவள்தான் பிற்பாடு சொன்னாள். சனிக்கிழமை இவர்கள் நோட்டோடு அவள் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். வெப்சைட்டைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ ஒரு பேச்சு இல்லை. மிஸ் போட்ட வீடியோ ஒண்ணுமே புரியலடீ, அந்தக் கப்பல் கணக்கை நீ சொல்லிக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் படியிலேயே வகுப்பு நடந்திருக்கிறது. அறுநூறு பேர் பார்த்ததாக நான் கொண்டாடிய வீடியோ, புரியாமல் போனதால் ஒரு பிரயோஜனம் ஆயிற்று.

அன்றைக்கு நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து தலைமையாசிரியையின் தங்கை மகள், நான் மக்கு என்று எழுதிய பெண், சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏய், உங்கப்பா போன் பண்ணாராடீ?"

ஜன்னலோரப் பெண் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தாள். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, எல்லாரும் நோட்டில் தேதி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பண்ணாரு. சிங்கப்பூர் தாண்டிட்டாராம்."

சென்ட் கேட்டவள், சென்ட் ஞாபகப்படுத்தினியா என்றாள். ஞாபகப்படுத்தினேன் என்றாள் இவள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு பெயர் கூப்பிட்டிருக்க வேண்டும். நானும் கலந்துகொள்கிறேனாம். ரொம்பச் சாமர்த்தியமாக, பரீட்சைக்குள் அப்பா வந்துவிடுவாராம்மா என்று கேட்டேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபமில்லை.

"நீங்க கேக்காதீங்க மிஸ்," என்றாள்.

சரிம்மா என்றேன். பெயர் கூப்பிட்டேன். அவள் உள்ளேன் சொன்னாள்.

பரீட்சை எழுதினாள். கணக்கில் வகுப்பில் அவள்தான் முதல். அறிவியல் டீச்சர் வகுப்பையும் சேர்த்தால்கூட அவள்தான். வெப்சைட் இப்போதும் இருக்கிறது. கணக்கும் விடையும் மட்டும் போடுகிறேன். கவுண்ட்டரையும் ரோஜாவையும் எடுத்துவிட்டேன், பட்டுப்புடவையை எடுக்க மனசு வரவில்லை.

ஜூன் மாசம் ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு என்னை மேஜையில் உட்காரவைத்திருந்தார்கள். பிள்ளைகள் எதிரே நின்று சொல்லச் சொல்ல நான் பாரத்தை நிரப்ப வேண்டும். வரிசையில் அவள் வந்தாள். எந்தப் பிரிவு என்று கேட்டேன், கணக்கு என்றாள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டம், தந்தையின் தொழில். என் பேனா அங்கேயே நின்றுவிட்டது. கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், நான் எப்படிக் கேட்பேன்? கப்பல் என்று எழுதட்டுமா, வெறுமனே விட்டுவிடட்டுமா? பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். பாரத்தைத் தன் பக்கம் திருப்பி, பின்னால் நிற்கிறவளுக்குத் தெரியாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு, நிதானமாக எழுதினாள். டிரெய்லர் டிரைவர். எழுதி முடித்தும் பாரத்தைத் தரவில்லை. என் பக்கம் குனிந்தாள்.

"இதை வெப்சைட்ல போட மாட்டீங்கல்ல மிஸ்?"

மாட்டேம்மா என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாரத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள்.